விறகடுப்பு ஏன் புகைகிறது?

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் இன்று கேஸ் அடுப்பு இல்லாத வீடு அரிது. தோட்டத்து லயங்களில் இருந்தவர்களில் பலர் தாமானுக்கும் மலிவு விலை வீட்டுக்கும் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நாலு செங்கல்லோ, பழைய லோரி ரிம்மோ, மண் பூசிய இரட்டை அடுப்போ ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருக்கும். தீபாவளிக்கு முறுக்கு சுட, கல்யாண வீட்டில் ஆட்டுக்கறி பிரட்ட, கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சோறு வடிக்க, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு அது எரியும்.

தினமும் எரிந்த காலத்தில் அடுப்பைத் தினமும் கவனித்தார்கள். காலையில் சாம்பல் அள்ளினார்கள். வெள்ளிக்கிழமை சாணமும் மண்ணும் கரைத்து மெழுகினார்கள். அடுத்த நாளைக்கு வேண்டிய விறகு அடுப்புக்கு மேலே பரணில் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது வருடத்தில் நாலைந்து நாள்தான் அந்த அடுப்புக்கு வேலை. மற்ற நாளெல்லாம் மழையில் நனைகிறது, வெயிலில் வெடிக்கிறது. பண்டிகைக்கு முதல் நாள் கிடைத்த விறகை வைத்துப் பற்றவைக்கிறோம். அது புகைகிறது. விறகடுப்பு என்றால் புகையத்தான் செய்யும் என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நன்றாகப் பராமரித்த அடுப்பில் காய்ந்த விறகு எரியும்போது, பற்றிக்கொள்ளும் முதல் சில நிமிடங்களைத் தவிர, கண்ணுக்குத் தெரிகிற புகை மிகக் குறைவாகவே இருக்கும்.

புகை எங்கிருந்து வருகிறது?

விறகு எரிகிறது என்கிறோம். கவனித்துப் பார்த்தால் தீக்கொழுந்து விறகைத் தொட்டுக்கொண்டிருக்காது, அதற்குச் சற்று மேலே ஆடிக்கொண்டிருக்கும். சூடு ஏறும்போது முதலில் விறகில் உள்ள தண்ணீர் ஆவியாகிறது. ஏறத்தாழ 200 பாகை செல்சியசைத் தாண்டியதும் மரம் சிதையத் தொடங்கி வாயுக்களையும் தார் போன்ற ஆவிகளையும் விடுகிறது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகத்தான் வெளியேறுகிறது. மிஞ்சுவது கரி. நாம் பார்க்கிற தீக்கொழுந்து என்பது அந்த வாயுக்கள் காற்றோடு கலந்து எரிவதுதான். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்தே கிடைக்கிறது.

அந்த வாயுக்கள் முழுதாக எரிவதற்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, அடுப்புக்குள் 600 பாகைக்கு மேல் சூடு. மற்றொன்று, போதுமான காற்று. இரண்டில் எது குறைந்தாலும் வாயு எரியாமலேயே தப்பிப் போகும். போகிற வழியில் குளிர்ந்து சிறு சிறு தார்த் துளிகளாகவும் கரித்தூளாகவும் மாறும். அதுதான் புகை. புகை வருகிறது என்றால் காசு கொடுத்து வாங்கிய, அல்லது வியர்வை சிந்தி வெட்டிய விறகின் ஒரு பகுதி சட்டியைச் சூடாக்காமல் கூரைக்குப் போகிறது என்று அர்த்தம். போகிற வழியில் சமைப்பவரின் நுரையீரலையும் தொட்டுவிட்டுப் போகிறது.

ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்லலாம். 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் புகைமூட்டத்தால் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. பள்ளிகளை மூடினார்கள். அந்த நாட்களை இந்த வட்டாரத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள் ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. காற்றோட்டமில்லாத சமையலறையில் விறகு எரியும் நேரத்தில் பல நாடுகளில் அளந்தபோது அந்த அளவு பல நூறு மைக்ரோகிராமாக இருந்திருக்கிறது, சில வீடுகளில் ஆயிரத்தையும் தாண்டியது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கக்கூடும் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்துக்கும் மேல்.

வருடத்தில் நாலு நாள் எரிக்கிற நமக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும், நுரையீரல் பலவீனமான பெரியவருக்கும் ஒரு நாள் புகையே போதும். அன்னதானச் சமையலுக்கு வாரந்தோறும் போகிறவர்களுக்கும் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர்களுக்கும் அது நாலு நாள் விவகாரமும் இல்லை.

பால்மரம் தரும் பாடம்

இந்த வட்டாரத்தில் விறகு என்றாலே பல காலம் பால்மரம்தான். 25, 30 வருடத்தில் பால் வற்றிய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது தோட்டம் முழுவதும் விறகாகக் கிடக்கும். ரப்பர் மரத்தை மேசை நாற்காலி செய்யப் பயன்படுத்தும் தொழில் பெருகியது பிற்பாடுதான். அதற்கு முன் அதை யாரும் மரமாக மதிக்கவில்லை. காரணம், அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப்பூஞ்சை பிடிக்கும், அடுத்துப் பொடிவண்டு துளைக்கும்.

தோட்டத்துப் புகைக்கொட்டகையிலும் இதே மரம்தான் எரிந்தது. ரப்பர் பாலை உறையவைத்து, அழுத்தித் தகடாக்கி, உள்ளே தொங்கவிட்டு, 60 பாகை வரையிலான சூட்டில் சில நாள் புகை போடுவார்கள். அங்கே வேண்டியதே புகைதான். புகையில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் தகட்டில் பூசணம் பிடிக்காமல் காத்தன. அதனால் ஈர விறகைப் போட்டு, காற்றைக் குறைத்து, கொழுந்துவிட்டு எரியாமல் பார்த்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பின்கட்டில் ஈர விறகைத் திணித்து, சாம்பல் அள்ளாமல் பற்றவைக்கும்போது அதே புகைக்கொட்டகையைத்தான் கட்டுகிறோம். உள்ளே தொங்குவது ரப்பர் தகடு இல்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

ஈரம் எவ்வளவு கெடுக்கும்? புதிதாக வெட்டிய பால்மர விறகு ஒரு கிலோ எடுத்தால் அதில் 400 கிராம் வரை தண்ணீர் இருக்கும். மீதி 600 கிராம் மரம் எரிந்தால் சுமார் 11 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஒரு மெகாஜூல் போகும். பத்தில் ஒரு பங்குதானே, போனால் போகட்டும் என்று தோன்றும். கணக்கு சரிதான், ஆனால் கேடு வேறிடத்தில் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை அந்தக் கட்டையின் சூடு 100 பாகையை விட்டு அதிகம் ஏறாது. ஆவி அடுப்புக்குள் நிறைந்து தீயைக் குளிரவைக்கும். 600 பாகை எட்டாத அடுப்பில் வாயுக்கள் எரியாமலே தப்பும். நாம் ஊதாங்குழலை எடுப்போம். ஊதும்போது பற்றும், நிறுத்தினால் மறுபடி புகையும்.

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் விறகின் ஈரம் 15 முதல் 18 விழுக்காட்டுக்குக் கீழே தானாக இறங்குவது கடினம். அது போதும், அந்த ஈரத்தில் விறகு நன்றாகவே எரியும். ஆனால் அந்த நிலைக்கு வர நாள் வேண்டும். சிலாங்கூரில் மழை மிகுந்த மாதங்கள் அக்டோபர், நவம்பர். தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. எனவே தீபாவளி விறகை ஜூன், ஜூலையிலேயே பிளந்து அடுக்கிவிட வேண்டும். அவை நமக்கு மழை குறைந்த மாதங்கள். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு வெட்டிய விறகு பண்டிகை முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் காயும்.

பிளப்பதுதான் முக்கியம். உருண்டைக் கட்டையில் பட்டை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். பால்மரம் பச்சையாக இருக்கும்போது எளிதாகப் பிளக்கும், காய்ந்தபின் கோடாலியோடு மல்லுக்கட்டும். மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, பட்டையை உரித்துவிட்டால் இன்னும் நல்லது. பட்டையில் பால் தங்கியிருக்கும், எரிந்தால் கரும்புகை. செங்கல் மீது இரண்டு சலாகை போட்டு, தரையில் படாமல், குறுக்கும் நெடுக்குமாக இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே தகரம் இருக்கட்டும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் விரிப்பால் முழுதாக மூடிவைப்பதைப் பார்க்கிறேன். மழை உள்ளே வராது, உண்மைதான். விறகின் ஈரமும் வெளியே போகாது.

காய்ந்துவிட்டதா என்று அறிய இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். வெட்டுமுனையில் நட்சத்திரம்போல் வெடிப்பு விட்டிருக்கும். இதைவிட நம்பகமான வழி சமையலறைத் தராசு. ஒரு கட்டையில் சாக்பீஸால் குறி போட்டு வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, இரண்டு மூன்று வாரம் மாறாமல் நின்றுவிட்டால், நம் காற்றில் அது காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது. பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். நோட்டில் கோடு போட்டு வளைவு வரைந்து காட்டுவார்கள்.

அடுப்பின் உடம்பு

எது கொண்டு அடுப்புக் கட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கெடும் விதம் மாறும்.

இப்போது அதிகம் காண்பது சிமெண்டுப் பிளாக்கை மூன்று பக்கம் நிறுத்தி மேலே கம்பி போட்ட அடுப்பு. அவசரத்துக்கு வசதி. ஆனால் சிமெண்டு நெருப்புக்குப் பிறந்தது இல்லை. 400 பாகையைத் தாண்டும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சேர்மம் தண்ணீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாக மாறத் தொடங்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு மழை பெய்யும். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்து ஊதும், பிளாக் உள்ளிருந்தே பொடியும். போன வருடம் உறுதியாக நின்ற பிளாக், இந்த வருடம் கொதிக்கிற அண்டாவோடு சரிவது இப்படித்தான். இன்னொன்று, மழையில் ஊறிய பிளாக்கைத் திடீரென்று சூடாக்கினால் உள்ளே சிக்கிய தண்ணீர் ஆவியாகி, சில்லு பெயர்ந்து தெறிக்கும். ஆற்றங்கரையிலிருந்து எடுத்துவந்த உருண்டைக் கல்லுக்கும் இந்தக் குணம் உண்டு. பெரிய சட்டி ஏற்றுவதாக இருந்தால் சுட்ட செங்கல்லே மேல். செங்கல் ஏற்கெனவே சூளையில் 800, 900 பாகை பார்த்துவிட்டு வந்தது.

இரும்பு ரிம் அடுப்பு உடையாது, துருப்பிடிக்கும். மழையைவிட அதற்கு எதிரி உள்ளேயே விட்டுவைத்த சாம்பல். சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் அதிகம், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பின் மீது மாதக்கணக்கில் ஈரப்பற்று வைத்தபடி இருக்கும். வேலை முடிந்ததும் சாம்பலைச் சுத்தமாகத் தட்டிவிட்டு, ரிம்மைக் கவிழ்த்துவைத்தாலே அதன் ஆயுள் கூடும்.

மண் அடுப்புதான் கவனம் கேட்பது, கவனித்தால் நன்றாக உழைப்பதும் அதுவே. களிமண் காயும்போது சுருங்கும், வெடிப்பு வரும். மணல் சுருங்காது. அதனால் களிமண்ணோடு மணல் கலக்க வேண்டும். புற்றுமண் கிடைத்தால் நல்லது, ஆனால் புற்றை வெட்டுவதற்கு முன் உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சரக்கு உமி. தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் ஆலைகள் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு உமிக்குப் பஞ்சமில்லை. மண்ணில் கலந்த உமி அடுப்பு எரிய எரியத் தானும் எரிந்து, உள்ளே நுண்ணிய துளைகளை விட்டுப்போகும். அந்தத் துளைகளில் அடைபட்ட காற்று சூட்டைச் சுவருக்குள் கடத்தாது. சூடு சட்டிக்கே போகும். சாணத்தில் உள்ள நார் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை, கூடவே வெடிப்பு பரவாமல் இழுத்துப்பிடிக்கும்.

பூசிய அடுப்பை அன்றே எரிக்காதீர்கள். ஒரு வாரம் நிழலில் காயட்டும். அதன்பின் இரண்டு மூன்று நாள் சுள்ளி போட்டுச் சிறுதீ. பழைய வெடிப்பை அடைப்பதானால் அதைக் கத்தியால் கீறி அகலப்படுத்தி, தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு மண்ணை அழுத்துங்கள். காய்ந்த மண்ணின் மேல் ஈரமண் பூசினால் பழையது தண்ணீரை உறிஞ்சிவிடும், புதியது ஒட்டாமல் வில்லையாகப் பெயர்ந்து விழும். இது பார்வைக்கான வேலை என்று நினைக்க வேண்டாம். வெடிப்பு வழியே குளிர்ந்த காற்று தீயின் பக்கவாட்டில் நுழைந்து கொழுந்தைக் குளிர்விக்கும். வாய் வழியாக வரவேண்டிய இழுப்பும் குறையும்.

சட்டி உட்காரும் மூன்று குமிழ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பலரும் கவனிக்காத இடம் அது. அடுப்பு விளிம்புக்கும் சட்டிக்கும் நடுவே சுண்டுவிரல் கனத்துக்கு, ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர், இடைவெளி வேண்டும். சூடான வாயு அந்த இடுக்கு வழியே சட்டியை உரசிக்கொண்டு வெளியேறும்போதுதான் சூடு நன்றாக ஏறும். நாளடைவில் குமிழ்கள் தேய்ந்தும் உடைந்தும் போக, சட்டி விளிம்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். வெளியேற வழியில்லாத புகை அடுப்பு வாய் வழியாகச் சமைப்பவரின் முகத்துக்கே திரும்பி வரும். விறகு சரியில்லை என்று விறகைத் திட்டுவோம். குமிழை ஒரு பிடி மண்ணால் உயர்த்தினால் தீர்ந்துவிடும். அதற்காக மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் புகை இருக்காது, ஆனால் பாதிச் சூடு பக்கவாட்டில் போய்விடும்.

காற்று கீழிருந்து வர வேண்டும். அடுப்பின் வாய் நிறைய விறகைச் செருகினால் காற்று நுழைய இடமேது? வாயின் மேல்பாதி விறகுக்கு, கீழ்ப்பாதி காற்றுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். வாயில் ஒரு தகரத் துண்டைத் தட்டுப்போல் குறுக்கே செருகி, அதன் மேல் விறகை வைத்தால் இந்தப் பங்கீடு தானே அமையும். விறகின் நுனி மட்டும் உள்ளே எரியட்டும், எரிய எரியத் தள்ளிவிடுங்கள். கம்பித் தட்டு உள்ள அடுப்பில் அதன் கீழே சாம்பல் சேர்ந்தால் மூச்சு அடைத்துவிடும், ஒவ்வொரு முறையும் அள்ள வேண்டும். தட்டு இல்லாத மண் அடுப்பில் அடியில் ஒரு விரற்கடை சாம்பலை விட்டுவைப்பது நல்லது, தணலின் சூடு தரைக்குப் போகாமல் காக்கும்.

சிலர் தகரக் குழாயால் புகைப்போக்கி வைத்திருப்பார்கள். நாள்தோறும் எரிந்தால் மாதம் ஒருமுறை உள்ளே கம்பியில் சாக்குத்துணி கட்டி இழுத்துத் துடைக்க வேண்டும். ஈர விறகு எரித்தால் குழாயின் உட்புறம் பளபளவென்று தார் படியும். அது தடித்தால் ஒருநாள் தானே தீப்பிடிக்கும். எப்போதாவது எரிப்பவர்கள் பற்றவைக்கும் முன் குழாய்க்குள் குளவிக்கூடோ பறவைக்கூடோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பராமரிப்பெல்லாம் சில்லறை விஷயம் என்று படலாம். ஒடிசாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது. ரெமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள், கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் புகைப்போக்கி வைத்த மண் அடுப்பு கட்டிக்கொடுத்த கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். டூஃப்லோ பிற்பாடு 2019இல் நோபல் பரிசு பெற்றவர். ஆய்வுக்கூடத்தில் அந்த அடுப்பு நன்றாகவே வேலை செய்தது. வீடுகளில் முதல் ஆண்டு சமைப்பவர் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. இரண்டாம் ஆண்டுக்குள் அந்தப் பலன் காணாமல் போனது. வெடிப்பை அடைக்கவில்லை, குழாயைத் துடைக்கவில்லை, அடுப்பைப் பயன்படுத்துவதும் குறைந்துகொண்டே வந்தது. விறகுச் செலவும் குறையவில்லை. இந்திய அரசு 1980களில் தொடங்கி நாடு முழுவதும் கோடிக்கணக்கில் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்புகளில் பெரும்பகுதிக்கும் நேர்ந்தது இதுதான். என் கணிப்பில் குற்றம் அந்தக் குடும்பங்களுடையது இல்லை.  பாட்டிமார் தாங்களே கட்டிய அடுப்பைத் தாங்களே மெழுகினார்கள், எது எங்கே வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுப்பில் போடக்கூடாதவை

தோட்டத்தில் ஒட்டுப்பாலைக் கொண்டு நெருப்பு மூட்டுவது பழைய பழக்கம். கரும்புகை வரும் என்றாலும் அது மரத்தின் பால். இப்போது அதன் இடத்துக்கு டயர் துண்டும் பிளாஸ்டிக் பையும் வந்துவிட்டன. டயரில் கந்தகம், கரித்தூள், எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கும், அதன் புகையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் உண்டு. பி.வி.சி. குழாய்த் துண்டோ மின்கம்பி உறையோ எரிந்தால் டையாக்சின் உருவாகும். அந்தப் புகை படிந்த சட்டியில் சோறு வேகிறது. தென்னம்பன்னாடை, காய்ந்த மட்டை, தேங்காய் நார் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? எரிகிற தணல் மேல் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆவி ஒரு நொடியில் வெடிக்கும்.

மரம் என்பதால் எல்லா மரமும் விறகாகிவிடாது. பிளைவுட், அமுக்குப் பலகை ஆகியவற்றில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசை உண்டு. நாற்காலித் தொழிற்சாலைக் கழிவாக வரும் ரப்பர் மரத்துண்டுகள் வண்டு அரிக்காமலிருக்க போரான் மருந்தில் ஊறியவை, பல துண்டுகளில் பசையும் சாயமும் இருக்கும். பழைய வேலிக்கால், மின்கம்பத் துண்டு பச்சை நிறம் ஓடியிருந்தால் தொடவே வேண்டாம். அது செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். எரித்தால் ஆர்செனிக்கில் ஒரு பங்கு புகையில் போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பல் நஞ்சு. துறைமுகத்திலிருந்து வரும் சரக்குப் பலகைகளில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுவாயு பிடித்தது, அது வேண்டாம்.

புகை இல்லாத இடத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கொழுந்து அடங்கிச் சிவப்புத் தணலாகக் கனியும் நேரத்தில் கண்ணுக்குப் புகை தெரியாது. ஆனால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அப்போதுதான் அதிகம் வெளிவரும். குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி போடத் தணலை அறைக்குள் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் உண்டு. லயத்து வீட்டில் பலகைச் சுவரின் இடுக்கு வழியே காற்று வந்துபோகும். இன்றைய வீட்டில் கண்ணாடிச் சன்னலைச் சாத்தி ஏர்கோன் போட்ட அறை. அந்த அறைக்குத் தணல் போகக்கூடாது. சாம்பிராணி போட்டே ஆகவேண்டுமென்றால் திறந்த வாசலில் போடுங்கள், தணல் சட்டி உடனே வெளியே போகட்டும். மழைக்கு ஒதுங்கி அடுப்பைக் காரெஜுக்குள் வைத்துக் கதவை இறக்கிச் சமைப்பதும் இதே ஆபத்துத்தான். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் முதலில் வெளிக்காற்றுக்கு வாருங்கள், பிறகு காரணம் தேடலாம்.

மிச்சமாகும் சாம்பல்

நல்ல மரச்சாம்பல் வீணாகும் பொருள் இல்லை. அது காரத்தன்மை உள்ளது. அதனால்தான் பித்தளையும் இரும்புச் சட்டியும் தேய்க்க உதவியது. கொழுப்போடு சேர்ந்து சோப்புபோல் வேலை செய்யும். அலுமினியப் பாத்திரத்தை மட்டும் ஈரச் சாம்பலால் தேய்க்காதீர்கள், காரம் அலுமினியத்தையே அரித்துக் கறுக்கவைக்கும்.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பல இடங்களில் கரிச்சதுப்பு மண், புளிப்பு மிகுந்தது. வாழைக்கும் மரவள்ளிக்கும் அடியில் சாம்பலைத் தூவினால் புளிப்பு குறையும், பொட்டாசியமும் கிடைக்கும். ஒரே நாளில் யூரியாவையும் சாம்பலையும் சேர்த்துப் போட்டால் யூரியாவின் நைட்ரஜனில் ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விடுங்கள்.

ஆனால் இந்த மண்ணுக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. கரிச்சதுப்பு மண் என்பது முழுதாக மட்கிப் போகாத தாவரங்களின் குவியல். நீர்மட்டம் இறங்கிக் காய்ந்தால் மண்ணே எரியும். பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய ராஜா மூசா வனப்பகுதியில் நிலத்தடியில் பரவும் தீயை அணைக்க எத்தனை முறை போராடியிருக்கிறார்கள் என்பது நம் பத்திரிகைகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். சாம்பலுக்குள் புதைந்த ஒரு தணல் மறுநாள் வரை உயிரோடு இருக்கும். முன்பு பாட்டிமார் காலையில் அதைக் கிளறித்தான் அடுப்பு மூட்டினார்கள். எனவே அள்ளிய சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியிலோ சாக்கிலோ போடாதீர்கள். மூடியுள்ள தகர டின்னில் போட்டு, தண்ணீர் ஊற்றி, குச்சியால் அடிவரை கிளறுங்கள். புறங்கையை டின்னின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துளிச் சூடும் இல்லையென்றால், அதற்கும் அடுத்த நாள் வாழைக்குக் கொண்டுபோங்கள்.